சோம்பல் முறிக்காத கலன்

என் கணவருடைய காற்றுக் கலன் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, அரிசிப் பெட்டிக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. கடலுக்கடியில் மூச்சு விடுவதற்காக முதுகில் கட்டிக்கொள்ளும் எஃகுச் சிலிண்டர் அது. அவர் துறைமுகத்தில் நீருக்குள் இறங்கி வேலை செய்தவர். கப்பல்களின் அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ளும் சிப்பிகளைச் சுரண்டுவதும், படகுத்துறைத் தூண்களில் விரிசல் இருக்கிறதா என்று கலங்கல் நீரில் விரல்களால் தடவிப் பார்ப்பதும் அவருடைய பிழைப்பு. அங்கே பயன்படுத்திய கலன்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். இந்த ஒன்றைத்தான் அவர் தமக்கென்று வாங்கியிருந்தார். விடுமுறை வந்தால் மெர்சிங் பக்கம் போய், தீவுகளுக்கருகே தெளிந்த நீரில் இறங்குவதற்காக.

எங்கள் பக்கத்தில் அடுப்புக் கேஸ் சிலிண்டரைத் தோங் என்று மலாய்ச் சொல்லால் சொல்வது வழக்கம். அவரும் இதைத் தோங் என்றே சொன்னார். வீட்டில் யாரும் அதன் மேல் சாயக் கூடாது, அதன் கழுத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது. ஒரு முறை நான் ஈரத் துண்டை அதன் மேல் போட்டுவிட்டேன். "டீச்சர், அது என்னா கோட் ஸ்டாண்டா?" என்று கேட்டார். நான் இடைநிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்தவள். என் மேல் கோபம் வரும்போதும் அன்பு வரும்போதும் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். எது என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கலனின் நிறம் மழையில் நனைந்த தகரக் கூரையின் நிறம். எஃகு துருப்பிடிக்காமல் இருக்க, அதை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்திருப்பார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். வெயிலில் வைத்து உற்றுப் பார்த்தால் அந்தப் பூச்சில் இலை இலையாக மெல்லிய கோலங்கள் தெரியும். அவருடைய நண்பர்கள் எல்லாரும் அலுமினியத்துக்கு மாறிவிட்டிருந்தார்கள். இவர் மாறவில்லை. ஏன் என்று கேட்டபோது, "அலுமினியத் தோங் காத்து தீரத் தீர லேசாயிடும், டீச்சர். கடைசில நம்மள மேல இழுக்கும். இது அப்படி இல்ல. கடைசி வரைக்கும் கூடவே கீழ நிக்கும்" என்றார்.

கடலுக்குப் போய்வந்த அன்றே வாசலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அதைக் கழுவுவார். அடியில் மாட்டியிருக்கும் ரப்பர்க் காலணியையும் கழற்றிவிடுவார். அங்கேதான் உப்பு நீர் தங்கும். தங்கினால் துத்தநாகத்தை அரித்து வெள்ளை மாவாக்கிவிடும். பழைய கைலி ஒன்றால் துடைத்து, கழுத்தைப் பிடித்து, நடக்கப் பழகும் குழந்தையை நடத்துவதுபோல் உருட்டி உருட்டி மாடிப்படிக்கு அழைத்துவருவார். லாபிஸுக்கு அருகே தோட்டத்தில் பிறந்து, மீசை முளைத்த பிறகே கடலைப் பார்த்த மனிதர் அவர். தாமதமாகக் கிடைத்த எதையும் அவர் அவ்வளவு கவனமாகத்தான் வைத்துக்கொண்டார். என்னையும் அப்படித்தான்.

இந்தக் கலன்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை உண்டு. சோதித்த தேதியைக் கலனின் தோளில் பொறிப்பார்கள். தேதி கடந்துவிட்டால் எந்தக் கடையிலும் காற்று அடித்துத் தர மாட்டார்கள். சோதனையின் முறையை அவர் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் எனக்குச் செய்து காட்டினார். ஒரு குவளையை இன்னொரு பெரிய குவளைக்குள் வைத்துக்கொண்டார். "இது தோங். இது வெளிச்சட்டை. ரெண்டுலயும் தண்ணி. இப்போ தோங்குக்குள்ள அழுத்தம் ஏத்துறாங்க, கடல்ல தாங்குறத விட அதிகமா. தோங் மயிரிழை அளவு வீங்கும். வீங்கினா சட்டையில இருக்கிற தண்ணி எங்க போகும்? கண்ணாடிக் குழாய்ல ஏறும். அப்புறம் அழுத்தத்தை விட்டுடுவாங்க. தோங் பழையபடி சுருங்கணும், ஏறின தண்ணி இறங்கணும்."

"இறங்காட்டா?"

"கொஞ்சம் நின்னா பரவால்ல. கூட நின்னுச்சுன்னா தோங் களைச்சுப்போச்சுன்னு அர்த்தம். ஓட்டை போட்டுடுவாங்க, எவனும் மறுபடி காத்து அடிக்கக் கூடாதுன்னு."

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். இந்த வகை எஃகுக் கலன், நெடுநாள் சும்மா கிடந்துவிட்டு முதன்முதலாக அழுத்தம் ஏறும்போது, நல்ல நிலையில் இருந்தாலும் முழுவதும் சுருங்கித் திரும்பாதாம். ஆகவே உரிய அளவுக்குச் சற்றுக் குறைவாக ஒரு முறை ஏற்றி இறக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஏற்றி அளந்தால்தான் உண்மை தெரியும். அப்படிச் செய்யாமல் நேரே உச்சத்துக்கு ஏற்றிவிட்டால், அதுவே சோதனையாகிவிடும். மறு சோதனைக்கு விதியில் இடமில்லை. "தூங்கி எழுந்தவன உடனே சுவத்துல நிக்க வச்சு உயரம் அளந்தா சரியா வருமா? முதல்ல சோம்பல் முறிக்க விடணும்" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் 'சோம்பல் முறிப்பது' என்றே பெயர். ஒவ்வொரு முறையும் அவரே பட்டறைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் நின்று, சோம்பல் முறிக்க வைத்து, அளந்து, கூட்டிவருவார். வீட்டுக்குள் நுழையும்போதே "தேறிட்டான்" என்று குரல் கொடுப்பார். அந்த நேரத்தில் மட்டும் தோங் ஆண்பிள்ளை.

எங்களுக்கு ஒரே மகள். சிங்கப்பூரில் வேலை, விடியுமுன் கிளம்பிப் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பின் வருவாள். கடலுக்குள் இறங்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவளுக்கு எப்போதும் வாடகை அலுமினியம்தான். "அப்பா, ஒரு தடவை உங்க தோங்க குடுங்களேன்" என்று கேட்பாள். "உன் எடையில பாதி இருக்கு அது. நீ அதைத் தூக்குவியா, அது உன்னைத் தூக்குமா?" என்பார். கடைசியாக ஒரு பயணத்துக்கு நாள் குறித்து, கலனில் காற்று நிரப்பி வைத்திருந்தார். அந்த வாரம் வயிறு வலிக்கிறது என்று மருத்துவரைப் பார்க்கப் போனவருக்கு ஈரலில் கட்டி என்று சொன்னார்கள். பயணம் நடக்கவில்லை. நிரப்பிய காற்றோடு கலன் மாடிப்படிக்குக் கீழேயே நின்றது.

மருத்துவமனையில், பேசச் சிரமப்பட்டுக்கொண்டிருந்த நாள்களில் ஒன்றில், அவர் மகளைப் பார்த்து, "தோங் உனக்குத்தாம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "டெஸ்ட் தேதி செத்துப்போச்சு, டீச்சர். கொண்டுபோய்க் காட்டுங்க. சோம்பல் முறிக்கச் சொல்லுங்க" என்றார்.

வெளியூர் வாசகருக்கு 'செத்துப்போச்சு' என்ற இந்தச் சொல் திடுக்கிட வைக்கலாம். மலாயில் காலம் கடந்துபோன ஆவணத்தையும் வரியையும் 'மாத்தி' என்பார்கள்; இறந்துவிட்டது என்று பொருள். அதைக் கேட்டுப் பழகிய நாங்களும் தமிழில் அப்படியே சொல்கிறோம். லைசென்ஸ் செத்துப்போச்சு, ரோட் டேக்ஸ் செத்துப்போச்சு, நேற்றோடு இன்சூரன்ஸ் செத்துப்போச்சு. சிரித்துக்கொண்டே சொல்வோம், போய்ப் புதுப்பித்தால் உயிர் வந்துவிடும். ஆனால் மனிதர்களுக்கு அந்தச் சொல்லை நாங்கள் வைப்பதில்லை. அவர் போனபோது வந்தவர்கள் எல்லாரும் "தவறிட்டாங்களாமே" என்றார்கள், "போய்ச் சேர்ந்துட்டாங்க" என்றார்கள். மருத்துவமனையில் மலாய்ச் செவிலி இன்னும் மென்மையான ஒரு சொல்லைச் சொன்னார். நான் அந்தச் சொல்லும் இல்லாமல், வேலையிடத்திலிருந்த மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "கிளம்பி வாம்மா" என்றேன்.

"அப்பா எப்படிம்மா இருக்காங்க?"

"நீ வாம்மா."

அவள் பாலத்தில், நகராத பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள். தெரிந்தும் தெரியாமலும் வந்த அந்த வழியைப் பற்றி அவள் பிற்பாடு ஒரே ஒரு முறைதான் பேசினாள். "போன்லயே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாள். அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. எங்கள் இருவருக்குள்ளும் அதன் பிறகு 'அப்பா இல்லாத பிறகு' என்றும் 'அன்னிக்கு' என்றும்தான் பேச்சு நடந்தது.

அவருடைய அஸ்தியை மெர்சிங்கிலிருந்து படகில் கொண்டுபோய், அவர் விரும்பி இறங்கும் தீவுக்கருகே கரைத்தோம். முதலாம் ஆண்டுத் திதி நெருங்கியபோது மகள் சொன்னாள்: "அங்க நான் இறங்கணும்மா. அப்பா தோங்கோட. ஒரே ஒரு தடவை." அதற்கு முன் அந்த ஆண்டு முழுவதும் அவள் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. சாப்பாடு வேண்டுமா என்றால்கூட "எதுவா இருந்தாலும்" என்பாள். ஆகவே அந்த 'ஒரே ஒரு தடவை' எனக்குப் பெரிதாக இருந்தது. அதற்குக் கலன் சோதனையில் தேற வேண்டும். தேற வேண்டுமானால் முதலில் அதைக் காலி செய்ய வேண்டும்.

காலி செய்வது என்றால் அவர் நிரப்பிய காற்றைத் திறந்துவிடுவது. அந்தக் காற்றைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் பெருக்கும்போது துடைப்பத்தை எடுக்கக் குனியும் ஒவ்வொரு முறையும், அதன் கழுத்துத் திருகைப் பார்ப்பேன். அவர் கை இறுக்கி மூடிய திருகு. ஒரு பூட்டிய அறைக்குள் ஆள் இருப்பதுபோல் அதற்குள் அது இருந்தது. மகளிடமும் அப்படி ஏதோ இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கலனை வாசலுக்கு உருட்டிவந்தவள், திறக்காமல் அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தாள்.

"மூச்சுக் குழாய மாட்டி ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. பழைய காத்து. உள்ள துரு இருந்தா அது ஆக்சிஜன தின்னுருக்கும். அப்பாவே திட்டுவாங்க."

அவர் விட்டுச்சென்ற காற்றை மூச்சாகக்கூட எடுத்துக்கொள்ள முடியாது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அவள் திருகை மிக மெல்லத் திருப்பினாள். சீறல் சத்தம் வந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்துவிட்டு, பிறகு பழகிப்போய்ப் படுத்துக்கொண்டது. வெயிலிலும் கலனின் கழுத்து குளிர்ந்து வியர்த்தது. நான் அந்தக் காற்றின் எதிரில் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். மணம் எதுவும் இல்லை. உலர்ந்த குளிர்ச்சி மட்டும். அது விரல்களுக்கிடையே போய்க்கொண்டே இருந்தது. வேகமாகத் திறந்துவிடக் கூடாது என்பதால் நெடுநேரம் ஆயிற்று. சத்தம் மெலிந்து, ஊசிமுனையாகி, நின்றது. மகள் கலனைத் தூக்கிப் பார்த்து, "லேசாயிடுச்சும்மா" என்றாள். காற்றுக்கும் எடை உண்டு என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார். எஃகைக் காப்பாற்றுவதற்காகத்தானே காற்றைக் கொடுத்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் வழக்கமாகப் போகும் பட்டறை மூடப்பட்டிருந்தது. காற்று அடிக்கும் கடையில் விசாரித்தபோது தம்போயில் ஓர் இடத்தைச் சொன்னார்கள். தீயணைப்புக் கருவிகளும் வெல்டிங் சிலிண்டர்களும் வரிசையாக நிற்கும் சிறிய பட்டறை. முன்மேசையில் நம்மவர் ஒருவர், நாற்பது வயது இருக்கும். உள்ளே ஒரு மலாய்க்காரர் தண்ணீர்த் தொட்டிக்கருகே வேலையாக இருந்தார்.

"என்னாக்கா, சோறாக்குற தோங்கா?"

"இல்ல தம்பி. கடல்ல முக்குளிக்கிற தோங். டெஸ்ட் பண்ணணும். தேதி செத்துப்போச்சு."

அவர் கலனைத் தூக்கிப் பார்த்து, "அம்மாடி, இரும்பு! இப்பல்லாம் எல்லாரும் அலுமினியம்லா. எந்தக் காலத்து ஆளுக்கா உங்க வீட்டுல?" என்றார். பிறகு ரப்பர்க் காலணியைக் கழற்றி, அடியை விரலால் தேய்த்தார். "இது என்னா வெள்ளையா? துருவா?"

"துரு இல்ல, நாகம்."

"நாகமா? அலமாக்! அது கோயில்லதானே இருக்கும்?"

"ஜிங் தம்பி. ஜிங்க் பூச்சு."

"ஆ, ஜிங்! அப்படிச் சொல்லுங்க, நான் கால தூக்கிட்டேன். டீச்சராக்கா நீங்க?"

"எப்படித் தெரியும்?"

"ஜிங்குக்கெல்லாம் தமிழ் சொல்றாங்கன்னா வேற யாரு?"

நானும் சிரித்தேன். வெகுநாள் கழித்து யாரோ ஒருவர் அந்தக் கலனைச் சுற்றி வேடிக்கை பேசுவது நன்றாக இருந்தது. அந்தச் சிரிப்பிலேயே, என் கணவர் சொல்லிச் சென்றதைச் சொன்னேன். "தம்பி, அளக்கறதுக்கு முன்னாடி அத சோம்பல் முறிக்க விடணும். கொஞ்சம் கம்மியா ஏத்தி, இறக்கி, அப்புறம்தான் டெஸ்ட். முதல் தடவைய கணக்குல எடுக்கக் கூடாது."

"சோம்பல் முறிக்கணுமா! எங்க முதலாளி என்னைப் பார்த்துத் தினம் சொல்றதுக்கா இது." அவர் உள்பக்கம் திரும்பி உரத்த குரலில், "அபாங்! இனி தோங் மாலாஸ். காசி பாங்குன் டுலு!" என்றார். அண்ணே, இந்தத் தோங் சோம்பேறி, முதலில் எழுப்பி விடுங்கள் என்று பொருள். உள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "சொல்லிட்டேன்க்கா. கவலப்படாதீங்க. ஆயிடுச்சுன்னா போன் அடிக்கிறேன்."

பட்டறைகளில் அந்த முதல் ஏற்றத்துக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்யும். அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுப் பெயர் மட்டும்தான் தெரியும். அவர் இருந்திருந்தால் பெயரே தேவைப்பட்டிருக்காது. பக்கத்தில் நின்று கையைக் காட்டியிருப்பார்.

அந்த வாரமே போன் வந்தது. நான் சமையலறையில் இருந்தேன்.

"அக்கா, தோங் விஷயம். செத்துப்போச்சுக்கா."

"தெரியும் தம்பி. அதனாலதானே கொண்டாந்தேன்."

"ஆ... தெரியுமாக்கா. சரி. நான் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டு இருந்தேன்."

"இதுக்கு என்ன யோசனை? வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா. வந்து எடுத்துக்கிறீங்களா?"

"வரேன் தம்பி. ரொம்ப நன்றி."

"நல்ல மனசுக்கா உங்களுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். விசித்திரமான ஆள் என்று நினைத்துக்கொண்டே வெங்காயத்தை வதக்கினேன். இரவு மகள் வந்ததும், வேலை முடிந்துவிட்டதாம், எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றேன். அவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. அப்படியே படகுக்காரருக்குச் செய்தி அனுப்பினாள். அன்றைக்குச் சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள். அடுத்தடுத்த நாள்களில் அலமாரியிலிருந்து நீருடையை எடுத்து வெயிலில் போட்டாள். கண்ணாடியின் ரப்பரைச் சரிபார்த்தாள். கலனை முதுகில் ஏற்றிக்கொள்ளப் பழக வேண்டும் என்று அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து காட்டினாள். "அது என்னைத் தூக்குமா, நான் அதைத் தூக்குவேனா, பார்க்கலாம்மா" என்று தன் அப்பாவின் குரலில் சொன்னாள். அந்தச் சில நாள்கள் எங்கள் வீட்டில் ஏறக்குறைய மூவர் இருந்தோம்.

நான் வாடகைக் காரில் தம்போய்க்குப் போனது ஒரு வேலைநாள். பட்டறை வாசலில் கலன் படுத்திருந்தது. அதை ஒருபோதும் படுக்கவைத்துப் பார்த்ததில்லை. அதனால் வேறு யாருடையதோ என்று நினைத்துத் தாண்டிப் போனேன். பிறகு அந்த இலைக் கோலத்தை அடையாளம் கண்டு திரும்பினேன். தோளில் பொறித்திருந்த எண்களின் மேல் வரிசையாகப் பெருக்கல் குறிகள் அடித்திருந்தார்கள். அதற்குச் சற்றுக் கீழே ஒரு துளை. என் சுண்டுவிரல் நுழையும் அளவு. ஓரத்தில் எஃகு புதிதாக மின்னியது.

முன்மேசைக்காரர் எழுந்து வந்தார். "வாங்கக்கா. டீ குடிக்கிறீங்களா?"

"தம்பி, இது என்ன?"

"ஓட்டைக்கா. ஃபெயிலானா போட்டுத்தான் ஆகணும், சட்டம். நான்தான் போன்ல சொன்னேனே, செத்துப்போச்சுன்னு."

"தேதியத்தானே சொன்னீங்க?"

அது அவருக்கு மெல்லப் புரிந்துகொண்டே வருவது முகத்தில் தெரிந்தது. "ஐயோ அக்கா. தெரியும்னு சொன்னீங்களே. நன்றின்னுகூடச் சொன்னீங்களேக்கா."

உள்ளேயிருந்த மலாய்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தண்ணீர் ஏறியதையும், அழுத்தத்தை விட்டபிறகு போதிய அளவு இறங்காமல் நின்றதையும் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். முதலில் குறைவாக ஒரு முறை ஏற்றி இறக்கினீர்களா என்று மலாயில் கேட்டேன். அவர் முன்மேசைக்காரரைப் பார்த்தார். "அவர் சோம்பேறித் தோங் என்றார். நான் வேடிக்கை என்று நினைத்தேன்" என்றார். அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மறுபடி அளந்து பார்க்க முடியாதா என்று கேட்க வாயெடுத்தேன். துளையின் மேல் என் கண் விழுந்தது. கேட்கவில்லை. உண்மையிலேயே கலன் களைத்துப்போயிருந்ததா, சோம்பல் முறிக்க விட்டிருந்தால் தேறியிருக்குமா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அதற்கும் வயதாகியிருந்தது. அது ஓராண்டுக்கு மேல் படிக்குக் கீழே அசையாமல் நின்றிருந்தது. இரண்டில் எதுவும் உண்மையாக இருக்கலாம். அவரை இன்னும் முன்பே மருத்துவரிடம் காட்டியிருந்தால் என்று நான் தொடங்கி, முடிக்காமல் விடும் வாக்கியத்தைப் போன்றதுதான் இதுவும்.

"இத நாங்களே பழைய இரும்புக்குப் போட்டுடவாக்கா?"

"வேணாம் தம்பி. வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

அவரே அதைத் தூக்கி வந்தார். காரின் பின்பெட்டியில் ஓட்டுநரின் சாமான்கள் நிறைந்திருந்ததால், முன் இருக்கையில் நிமிர்த்தி உட்கார வைத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். "மன்னிச்சிருங்கக்கா. வீட்டுல அண்ணன்கிட்டயும் சொல்லிடுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

வண்டி நகர்ந்ததும் முன்னால் மணி அடிக்கத் தொடங்கியது. இருக்கையில் கனம் இருப்பதை உணர்ந்து, பெல்ட் போடச் சொல்லிக் கார் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓட்டுநர் ஓரமாக நிறுத்தி, கலனைச் சுற்றிப் பெல்ட்டை இழுத்து மாட்டினார். மணி நின்றது. நாங்கள் வாடகைக் காரில் போகும்போதெல்லாம் என் கணவர் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்வார். பின்னாலிருந்து பார்த்தால் தோள் மட்டும் தெரியும். அந்தச் சாம்பல் நிறத் தோளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நெடுஞ்சாலையில் ஏறியபோது போன் ஒலித்தது. மகளின் உணவு இடைவேளை.

"மா, எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா."

"பாஸ்தானே? புதுத் தேதி அடிச்சிருக்காங்களா? போட்டோ எடுத்து அனுப்புங்க."

அவளுக்குப் பின்னால் தட்டுகளின் ஓசை, யாரோ சிரிக்கும் ஓசை. வீட்டுக்கு வா, பிறகு பேசலாம் என்று சொல்லலாம். அந்த வாக்கியம் நாக்கு வரை வந்துவிட்டது. அவள் பாலத்தில் பேருந்துக்குள் கம்பியைப் பிடித்தபடி நிற்பது என் கண்ணில் தெரிந்தது.

"செத்துப்போச்சும்மா" என்றேன்.

"எது, தேதிதானே? அதான் தெரியுமே."

"தேதி இல்லம்மா. தோங்."

தட்டுகளின் ஓசை விலகிப்போயிற்று. எழுந்து எங்கேயோ நடக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு கதவு மூடிக்கொண்டது.

"எப்போ?"

"போன வாரமே. நான்தான் தேதின்னு நினைச்சுட்டேன்."

"அப்போ நம்ம படகெல்லாம் பேசிட்டு இருந்தப்ப..."

"ஆமாம்மா."

அவள் அழத் தொடங்கினாள். ஓராண்டாக என் எதிரில் அவள் அழுததில்லை. விம்மலுக்கு நடுவே, "மா, அப்பா செத்துப்போயிட்டாங்கம்மா" என்றாள். யாரோ அவளிடம் அப்போதுதான் வந்து சொன்னதுபோல் இருந்தது.

"ஆமாம்மா. அப்பா செத்துப்போயிட்டாங்க."

ஓட்டுநருக்குத் தமிழ் தெரிந்திருக்குமா, தெரியாது. வானொலியை அணைத்துவிட்டார். நாங்கள் இருவரும் போனை வைக்காமல் அப்படியே இருந்தோம். அவள் மூக்கை உறிஞ்சும் ஓசையும் என் மூச்சின் ஓசையும் போனில் மாறி மாறிக் கேட்டன. வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள்: "வாடகைத் தோங் எடுத்துக்கிறேன்மா."

"மேல இழுக்குமே."

"இடுப்புல ஈயக் கட்டி ஒண்ணு கூடக் கட்டிக்கிறேன்."

பெர்மாஸ் ஜெயாவுக்குப் பிரியும் வளைவில் வண்டி திரும்பியது. பெல்ட் சற்றுத் தளர்ந்திருந்தது. கலன் கதவுப் பக்கம் சாயத் தொடங்கியது. ஒரு கையால் போனைக் காதில் வைத்தபடி, மறுகையைப் பின்னாலிருந்து நீட்டி அதன் தோளைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கைக்குக் கீழே அந்தத் துளை இருந்தது.